வேனில் படுப்பதா, ஹாஸ்டலில் இறங்குவதா: அலை தேடிப் போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

அலைச்சறுக்குப் பயணம் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் வாடகைக் கணக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள். வேனுக்குள் படுத்தால் கட்டில் காசு மிச்சம். ஹாஸ்டல் என்றால் சின்ன காரே போதும், எரிபொருள் மிச்சம். இரண்டும் சரியான கணக்குதான், வண்டி ஓடுகிற வரைக்கும். வேன் நடுவழியில் நின்றுவிட்டால் கட்டில், அடுப்பு, தலையணை, காயாத துண்டு எல்லாமே வண்டியோடு சேர்ந்து ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடும். இதையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு மாறுகிறது.

ஒப்பிட வேண்டியவை மூன்று. முழுக்க வேன் வாசம். கூரையில் போர்டு கட்டிய கார், ராத்திரிக்கு ஹாஸ்டல். வேனில் போய், இடையிடையே ஹாஸ்டலில் இறங்குவது.

விடியற்காலை யாருக்கு?

இரவில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் விடிகிற நேரத்தில் காற்று கரையிலிருந்து கடல் பக்கம் வீசும். வரும் அலையின் முகத்தை நீவிவிட்டதுபோல ஆக்கும். வெயில் ஏறினால் காற்று திரும்பிவிடும். பல கடற்கரைகளில் முற்பகலிலேயே தண்ணீர் கசங்கத் தொடங்கும். அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குத்தான் இவ்வளவு தூரம் வண்டி ஓட்டுகிறோம். அலை உடையும் இடத்துக்கு எதிரிலேயே படுத்து, கதவைத் திறந்து பார்த்து, நன்றாக இல்லையென்றால் மறுபடி போர்த்திக்கொள்ளும் சுகம் வேனில்தான் உண்டு. இந்த விஷயத்தில் ஹாஸ்டல் பக்கத்திலேயே வர முடியாது. ஆனால் இரவில் வண்டி நிறுத்திப் படுக்க அனுமதி உண்டா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். நடுராத்திரியில் யாராவது கண்ணாடியைத் தட்டி எழுப்பினால் அந்த விடியல் வீண்தான்.

ஹாஸ்டலில் நேரத்தைத் தின்பது தூரம் அல்ல, பூட்டு. போர்டுகளை ஒரு கொட்டகையில் வைத்துப் பூட்டி, சாவியை வரவேற்பறையில் வைத்திருப்பார்கள். வரவேற்பறை எட்டு மணிக்குத்தான் திறக்கும். பதிவு செய்வதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: போர்டு ராத்திரி எங்கே இருக்கும், காலை ஐந்து மணிக்கு நானே எடுக்க முடியுமா? இரண்டாவது, அறையைக் காலி செய்யும் நேரம். பத்து அல்லது பதினொரு மணி என்றால் கிளம்பும் நாளில் மூட்டையை முந்தின இரவே கட்டி வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் படுக்க வேண்டும். நான்கரை மணிக்கு டார்மிட்டரியில் பாலிதீன் பையைச் சரசரவென்று பிரிப்பவரை எட்டுப் பேரும் சபிப்பார்கள். அதில் நியாயமும் உண்டு.

ஓதம், அதாவது கடல் நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம், தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை ஆறு மணிக்கு இருக்கும் நீர்மட்டம், ஒரு வாரம் கழித்துப் பன்னிரண்டு மணியை ஒட்டி வரும். நீங்கள் போகும் இடத்தின் அலை குறிப்பிட்ட நீர்மட்டத்தில் மட்டும் நன்றாக உடைவது என்றால், ஓத அட்டவணையை விரித்து, விடியலும் நீர்மட்டமும் சேரும் நாட்களை வேனுக்கும், சேராத நாட்களை ஹாஸ்டலுக்கும் ஒதுக்கலாம். கலப்பு முறையில் எந்த இரவு எங்கே என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

ஈரம்

இதில் வேன் தோற்கும். மூடிய வண்டிக்குள் தூங்கும் ஒவ்வொருவரும் மூச்சிலும் வியர்வையிலும் ஒரு டம்ளர் தண்ணீராவது விடுகிறார்கள். அது போதாதென்று இரண்டு நனைந்த வெட்சூட் (குளிர்ந்த நீரில் உடுத்தும் ரப்பர் உடை). காலையில் கண்ணாடி எல்லாம் வழியும், மெத்தையின் அடிப்பக்கம் பூஞ்சை பிடிக்கும். எதிரெதிர் பக்கங்களில் இரண்டு ஜன்னல்களை விரலளவு திறந்து வைப்பதும், மெத்தைக்கு அடியில் காற்று போக இடைவெளிவிட்ட சட்டங்கள் போடுவதும் ஓரளவுக்கு உதவும். குளிருக்காக உள்ளே கேஸ் அடுப்பை எரித்துவிட்டு ஜன்னலை மூடுவது உயிருக்கு ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. படுக்கிற வேனில் அதற்கான அலாரம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

வெட்சூட்டை நல்ல தண்ணீரில் அலசி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, இடுப்பில் மடித்து நிழலில் போட வேண்டும். தோள்பட்டையில் மாட்டினால் ஈரத்தின் கனத்தில் அதன் நியோப்ரீன் ரப்பர் இழுபட்டுத் தோள் தளர்ந்துவிடும். இதற்கெல்லாம் ஹாஸ்டலின் பின்கட்டுக் கொடியும் குழாயடியும் சொர்க்கம். மூன்று நாள் உப்பில் ஊறிய உடம்புக்கும் அப்படித்தான்.

போர்டு: கூரையா, உள்ளேயா?

ஆறடிப் போர்டு என்றால் எந்த வேனிலும் உள்ளே போகும். ஒன்பதடி லாங்போர்டு 2.74 மீட்டர், குட்டை வேனில் அதைப் படுக்கையோடு சேர்த்து அடைக்க முடியாது, உள்கூரையில் பட்டை கட்டித் தொங்கவிட வேண்டும், அல்லது கூரைக்குப் போக வேண்டும். கூரையில் கட்டும்போது மெழுகு தடவிய பக்கம், அதாவது நாம் நிற்கும் பக்கம், கீழே. போர்டின் அடியிலுள்ள துடுப்பான ஃபின்னைக் கழற்றாவிட்டால் அது மேலே பார்த்தபடி, வண்டியின் முன்பக்கம் இருக்கட்டும். போர்டு பின்னால் நழுவினாலும் ஃபின் பட்டையில் சிக்கி நிற்கும். பட்டை, கையால் இழுத்துப் பிடிக்கும் கேம் பக்கிள் வகையாக இருக்க வேண்டும். லாரிச் சரக்கு கட்டும் ராச்செட் பட்டை போர்டின் ஓரத்தை நசுக்கிவிடும், நசுங்குவது கைக்குத் தெரியாது. பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் அதிர்ந்து ஊளையிடாது. கிளம்பிப் பதினைந்து நிமிடத்தில் ஒருமுறை நிறுத்தி இறுக்கம் பாருங்கள்.

உள்ளே வைப்பது திருட்டுக்கு நல்லது, வெயிலுக்குக் கெட்டது. மூடிய வண்டி வெயிலில் நின்றால் மெழுகு உருகி மெத்தை முழுக்க ஒட்டுவதோடு போகாது. உள்ளிருக்கும் நுரையில் காற்று விரிந்து மேல் ஃபைபர் உரிந்து உப்பும். எபாக்சி பிசின் பூசிய ஈபிஎஸ் (தெர்மாகோல் வகை நுரை) போர்டுகள் இதில் சீக்கிரம் கெடும்.

வண்டி படுக்கும்போது

கார் எடுப்பவர்களுக்கு இந்தப் பகுதி சின்னது. நின்றால் இன்னொரு கார் பிடித்து அடுத்த ஹாஸ்டலுக்குப் போகலாம். வேன்காரர்களுக்கு இதுதான் பயணத்தின் பாதி.

முதலில் எந்த வேன் என்று பார்ப்போம். படத்துக்கு அழகாக இருக்கும் பழைய ஃபோக்ஸ்வேகன் வேன்களில், காற்றால் குளிரும் என்ஜின் கொண்டவற்றுக்கு ரேடியேட்டரே கிடையாது. கொதித்து ஆவி கிளம்பும் தொல்லை இல்லை. ஆனால் என்ஜின் அறையின் பெட்ரோல் ஹோஸ்கள் பழசானால் தீப்பிடிக்கும். துணி பின்னிய ஹோஸில் விரிசல் வெளியே தெரியாது. வண்டி வாங்கியதும் முதல் வேலை அவை அத்தனையையும் புதிதாக மாற்றுவது. 1980களின் தண்ணீரால் குளிரும் என்ஜின் வகையில் என்ஜின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். இடையே வண்டியின் நீளத்துக்குக் குழாய் ஓடும். கூலண்ட் மாற்றிய பிறகு குழாயில் காற்று அடைத்துக்கொண்டால் எவ்வளவு ஊற்றினாலும் கொதிக்கும். ஹீட்டர் வால்வைத் திறந்து, முன்பக்கத்தைத் தூக்கி, ரேடியேட்டர் மேலுள்ள காற்று போக்கும் திருகை, குமிழி நின்று தண்ணீர் சீராக வரும்வரை திறந்துவிட வேண்டும். இது தெரியாத மெக்கானிக்கிடம் இந்த வண்டியைக் கொடுக்காதீர்கள்.

புது டீசல் வேனில் தொல்லை வேறு விதம். தங்கும் இடத்துக்கும் கடற்கரைக்குமாக ஐந்து ஐந்து கிலோமீட்டராகவே ஓட்டிக்கொண்டிருந்தால் புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் சூடு வராது, அடைத்துக்கொள்ளும், வண்டி வேகம் எடுக்க மறுக்கும். எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் சீராக ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். ஆட்ப்ளூ (புகையைச் சுத்திகரிக்க ஊற்றும் யூரியா கரைசல்) தொட்டி காலியானால் ஓடும் வண்டி ஓடும். அணைத்த பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

எந்த வேனானாலும் அடிக்கடி வருவது பேட்டரிப் பிரச்சினை. கம்ப்ரசர் வைத்த 12 வோல்ட் ஃபிரிட்ஜ் ஒரு நாளுக்கு 30 முதல் 40 ஆம்பியர்-மணி இழுக்கும். 100 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். ஆக ஓடாமல் நிற்கும் வண்டிக்கு ஒன்றரை நாள்தான். ஃபிரிட்ஜையும் செல்ஃப் மோட்டாரையும் ஒரே பேட்டரியில் இணைத்திருந்தால் காலையில் செல்ஃப் எடுக்காது. இரண்டாவது பேட்டரியும், வண்டி ஓடும்போது மட்டும் அதைச் சார்ஜில் சேர்க்கும் ரிலேவும் வேண்டும்.

செல்ஃப் எடுக்காத காலையில் மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வையுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு. 12-க்கும் கீழே என்றால் இறங்கிவிட்டது. ஜம்பர் கேபிள் போட்டு எடுத்த பிறகு, என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஆல்டர்னேட்டர் அல்லது அதன் பெல்ட். பேட்டரி நிறைவாக இருந்தும் செல்ஃப் முனகினால், கடலோர வண்டிகளில் சந்தேகப்பட வேண்டியது எர்த் பட்டை: என்ஜினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் கம்பி உப்பில் பச்சை பூத்து மின்சாரத்தை விடாது. கியரை நியூட்ரலில் போட்டு, ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்விலும் மறுமுனையை என்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பிலும் கவ்விச் சாவி திருப்புங்கள். சட்டென்று எடுத்தால் குற்றவாளி அதுதான். கழற்றி, கம்பி பிரஷால் பளபளக்கத் தேய்த்து, கிரீஸ் தடவி முடுக்கினால் போதும்.

ஏற்றத்தில் சூட்டு முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஓரம் கட்டுங்கள். ஹீட்டர் இன்னொரு குட்டி ரேடியேட்டர்தான். ரேடியேட்டர் மூடியை அரை மணி நேரத்துக்குத் தொடாதீர்கள். ஆறிய பிறகு ஹோஸ் முனைகளைத் தடவிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு கிளிப் தளர்ந்திருக்கும், அல்லது ஹோஸ் வெடித்திருக்கும். தன்மேல் தானே ஒட்டும் சிலிகான் டேப்பைத் துடைத்த ஹோஸில் இழுத்து இழுத்துச் சுற்றி, தண்ணீர் ஊற்றி, மூடியை முழுக்க இறுக்காமல் மெதுவாக ஓட்டினால் அடுத்த ஊர் போய்விடலாம். ஆயில் மூடியின் அடியில் காப்பி நுரைபோல் படிந்து, புகை வெள்ளையாக இனிப்பு வாசத்தோடு வந்தால் ஹெட் கேஸ்கெட், அதாவது என்ஜின் தலைப்பகுதிக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு, போய்விட்டதோ என்று சந்தேகம். அங்கேயே அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

மணலில் சிக்குவது மெக்கானிக் வேலை அல்ல, அவசரத்தின் வேலை. சக்கரம் சுழன்ற முதல் நொடியிலேயே காலை எடுத்துவிட வேண்டும். டயர் காற்றை 20 பிஎஸ்ஐக்கு இறக்கி, சக்கரத்துக்கு முன் மணலைச் சரிவாகத் தோண்டி, தரைவிரிப்போ பலகையோ போட்டு மெல்ல எடுக்கலாம். சாலைக்கு வந்ததும் காற்று பிடிக்காமல் வேகம் போகக் கூடாது. ஜாக்கியின் அடியில் போட ஓரடிச் சதுரப் பலகை ஒன்று வண்டியில் இருக்கட்டும். பல வேன்களில் ஸ்டெப்னி அடிவயிற்றில் தொங்கும். அதை இறக்கும் சுருள் கம்பி உப்பில் துருப்பிடித்து இறங்காது. கிளம்புவதற்கு முன் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பத்து வயதான டயரை நம்பி வெறிச்சோடிய கடற்கரைக்குப் போவது தைரியம் அல்ல.

எதை எடுப்பது?

ஒரு வாரம் வரை என்றால் காரும் ஹாஸ்டலும். பழுதாகும் சாமான் குறைவு, தனியாகப் போகிறவருக்கு அலை பற்றிய உள்ளூர் சேதியும் கூடத்திலேயே கிடைக்கும். அதற்கு மேல் என்றால் கலப்பு முறை, மூன்று இரவு வேன், ஓர் இரவு ஹாஸ்டல். துணி காயும், பேட்டரியும் ஹாஸ்டல் மின்சாரத்தில் சார்ஜ் ஆகும். முழு வேன் வாசம், ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் மட்டும். வாடகை வேன் என்றால் ஒப்பந்தத்தில் மண் சாலை, மணல், கூரை, அடிப்பாகம் ஆகியவற்றுக்குக் காப்பீடு உண்டா என்று படியுங்கள், பெரும்பாலும் விலக்கியிருப்பார்கள். சாலை உதவிக் காப்பீட்டில் வண்டியின் எடை, உயர வரம்பையும், பழுதான இரவுகளுக்கான தங்கும் செலவையும் பார்க்க வேண்டும்.

வேனில் படுப்பவர் ஒரு பையைத் தனியாகக் கட்டிக் கதவோரம் வைத்திருக்க வேண்டும்: மாற்றுத்துணி, அடையாள ஆவணங்கள், சார்ஜர், ஹாஸ்டல் பெட்டகத்துக்குப் பூட்டு, படுக்கை விரிப்பு, ஃபின் கழற்றும் 3/32 அங்குல ஹெக்ஸ் சாவி. பழுதான வேனை இழுத்துப்போகும் டோ வண்டி வந்ததும் இந்தப் பையும் போர்டும் வெட்சூட்டும் இறங்கட்டும். கேஸ் சிலிண்டரை வால்வில் மூடி, ஃபிரிட்ஜைக் காலி செய்து அணைத்து, கிலோமீட்டர் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, வீட்டுச் சாவியைக் கொத்திலிருந்து கழற்றிவிட்டு வண்டிச் சாவியை மட்டும் கொடுங்கள்.