பேச்சிலர் வீட்டுக்கு ஓர் இன்டக்‌ஷன் அடுப்பு: எட்டு மாத அனுபவம்

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டு, நண்பர்கள் இருவருடன் வேளச்சேரியில் வாடகை வீட்டுக்கு மாறியபோது நாங்கள் வாங்கிய முதல் பொருள் 1,800 வாட் இன்டக்‌ஷன் அடுப்பு. மேன்ஷனில் சமைக்க அனுமதி இல்லை. ஊரில் அம்மா செய்துவந்த வேலைகளையெல்லாம் மெஸ்ஸிலும் சலவைக் கடையிலும் காசு கொடுத்துப் பெற்றுக்கொண்டு, மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்புவதாலேயே சொந்தக் காலில் நிற்பதாக நம்பியிருந்தேன்.

ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியக் குக்கரை வைத்ததும் அடுப்பு பீப் ஒலி எழுப்பி நின்றுவிட்டது. பாத்திரத்தின் அடியிலேயே சூடு உண்டாவதால், காந்தம் ஒட்டக்கூடிய தட்டையான அடிப்பாகம் இருந்தால்தான் இது வேலை செய்யும்; ஆகவே குக்கருக்கும் தோசைக்கல்லுக்கும் தனிச் செலவு. சோறும் பருப்பும் விரைவாக வெந்துவிடுகின்றன. முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ ஒரு யூனிட் ஆகிறது. அரசு தரும் இலவச 100 யூனிட், துணை மீட்டர் வைத்து வசூலிக்கும் எங்கள் வீட்டு உரிமையாளரைத் தாண்டி எங்களிடம் வந்ததில்லை என்பது வேறு கதை.

பெரிய குறை சிறுதீ இல்லாமை. குறைந்த அளவில் வைத்தால் விட்டுவிட்டு இயங்குவதால் பாலின் அருகிலேயே நிற்க வேண்டும். தோசை நடுவில் கருகும்போது ஓரம் வெள்ளையாகவே இருக்கிறது.

அடுப்பைவிடப் பாத்திரம் தேய்ப்பதே எங்களுக்குள் சண்டையானது. ‘எங்கள் வீட்டில் ஆம்பிளைங்க சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்க மாட்டோம்’ என்று பெருமையாகச் சொன்ன நண்பர் இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேய்க்கிறார், எனினும் தேய்க்கிறார்.

சித்திரையில் அப்பா வந்தபோது நான் சாம்பார் கொதிக்கவைப்பதைப் பார்த்து, ‘எத்தனை நாள்தான் இப்படிக் கஷ்டப்படுவே, பொண்ணு பார்க்கட்டுமா?’ என்று கேட்டார். சமைக்க ஆள் வேண்டும் என்பதற்காகக் கல்யாணம் செய்யப்போவதில்லை என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில், அறுபதை நெருங்கும் அவர், பால் பாத்திரத்தை வைத்துவிட்டு எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் அடுப்பின் முன் நின்றிருந்தார். இதன் பொத்தான்களில் தமிழ் எழுத்து ஒன்றுமில்லை என்பதையும் குறையாகவே எழுதுகிறேன்.

வாங்கச் செல்பவர்கள், பாத்திரங்களைச் சோதிக்கக் கையோடு ஒரு காந்தத் துண்டை எடுத்துச் செல்லவும்.