கோத்தகிரிப் பள்ளி விடுதி ஒன்று: விளக்கணைத்த பிறகு யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

நீலகிரியில் உறைவிடப் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. லவ்டேலில் லாரன்ஸ் பள்ளி 1858-ல் தொடங்கியதிலிருந்து பிள்ளைகளை மலைக்கு அனுப்பிப் படிக்கவைக்கும் வழக்கம் ஓயவே இல்லை. பள்ளிகளின் தேர்ச்சி விகிதம், விளையாட்டு மைதானம், கட்டணம் பற்றி வேண்டிய அளவுக்கு விவரம் கிடைக்கிறது. பிள்ளை படுத்து எழும் இடத்தைப் பற்றித்தான் யாரும் விரிவாகச் சொல்வதில்லை.

இங்கே மதிப்பிடுவது கோத்தகிரி பக்கம் உள்ள ஒரு பள்ளியின் சின்னப் பையன்கள் விடுதியை. 5 முதல் 8-ஆம் வகுப்பு வரை 48 பேர், நான்கு டார்மிட்டரி, ஒரு வார்டன், ஒரு மேட்ரன் (பிள்ளைகளின் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்பவர்), இரண்டு ஆயாக்கள், ஒரு வாட்ச்மேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதாலும், உள்ளே இருப்பவர்கள் குழந்தைகள் என்பதாலும் பள்ளியின் பெயர் வேண்டாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சிக் ரூமும் மேட்ரனும் முதல் தரம். சுடுநீர், துணி உலர்த்தும் ஏற்பாடு இரண்டும் நன்று. சாப்பாடு பரவாயில்லை. இரவு நேரக் கவனிப்பு போதாது. மூத்த பையன்கள் கையில் கொடுத்திருக்கும் அதிகாரம் மிக அதிகம். கடைசி இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றுதான். வார்டனுக்கு மாற்று ஆள் கிடையாது.

முதலில் சுடுநீர். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துவிடும். சுடுநீர் வராத நாளில் பையன்கள் குளிக்க மாட்டார்கள், தலையை மட்டும் நனைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். இந்த விடுதியில் 500 லிட்டர் சோலார் ஹீட்டரும், மேகமூட்டமான நாட்களுக்கு விறகு பாய்லரும் உண்டு. அளவு சரியா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பையனுக்கு ஒரு வாளி, 15 லிட்டர், 40 டிகிரி சூடு. 60 டிகிரி சுடுநீரையும் 15 டிகிரி பச்சைத் தண்ணீரையும் கலந்தால் அந்த வாளிக்குச் சுடுநீர் 8 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். 48 பேருக்கு 400 லிட்டர். வெயில் அடித்த நாளில் தொட்டி தாராளமாகப் போதும். மழை மாதங்களில் சோலாரை நம்ப முடியாது. அதிகாலை நாலரைக்கே பாய்லரை மூட்டிவிடுகிறார்கள். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதற்கு மேல்தான் சுடுநீர் என்று ஆயா பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொண்டிருக்கிறார். 60 டிகிரித் தண்ணீர் குழந்தைத் தோலைச் சில நொடிகளிலேயே வேகவைத்துவிடும் என்பதால் இந்த ஒழுங்கு அவசியம்.

பாய்லர் அறை விடுதியை ஒட்டாமல் தனியாக இருக்கிறது. குளியலறைக்குள் கேஸ் கீசர் இல்லை. டார்மிட்டரிக்குள் கரி அடுப்பு கொண்டுவரக் கூடாது என்று கண்டிப்பாக இருக்கிறார்கள். மலையில் குளிருக்காகக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே கரிக் கங்கு வைத்துக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஆளுக்கு ஒரு ரஜாய், ஒரு கம்பளி, மேல் ஜன்னலில் நான்கு விரல் இடைவெளி, இதுதான் இங்கே குளிருக்கு ஏற்பாடு. அதுதான் சரி.

துணி உலர்வது மலை விடுதிகளின் நிரந்தரத் தலைவலி. கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் நான்கைந்து நாள் கொடியில் கிடந்தாலும் சாக்ஸ் காயாது. ஈர உள்ளாடையைப் போட்டுக்கொண்டு போகிற பையனுக்குத் தொடை இடுக்கில் படர்தாமரை வரும். இங்கே பாய்லரின் புகைக்குழாய் போகும் சுவரை ஒட்டிச் சின்ன அறை ஒன்றை உலர்த்துவதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். உள்ளாடையும் சாக்ஸும் முதலில், சட்டை அடுத்து, ஸ்வெட்டர் கடைசியில் என்று முறை வைத்திருக்கிறார்கள். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து, தாள் ஈரமானதும் மாற்றுகிறார்கள். குறை ஒன்று: அலமாரிகளை வெளிச்சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். அந்தச் சுவரில்தான் ஈரம் இறங்கும், பின்பலகையில் பூஞ்சை பிடிக்கும். ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டால் போதும், செலவே கிடையாது.

மேட்ரனின் வேலை தனியாகப் பாராட்டத் தகுந்தது. படுக்கையை நனைக்கும் பிள்ளைகளை ஒரு விடுதி எப்படி நடத்துகிறது என்பதை வைத்தே அதன் மனதைப் படித்துவிடலாம். இங்கே 48 கட்டிலிலும் மெத்தைக்கு மேல் ரப்பர் ஷீட் உண்டு. எல்லோருக்கும் இருப்பதால் யார் என்று தனியாகத் தெரியாது. இரவு பத்தரைக்கு மேட்ரன் டார்ச்சைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி வந்து, தேவைப்படும் பையனின் தோளை மட்டும் தொடுகிறார். “கண்ணு, எந்திரி. போயிட்டு வந்து படுத்துக்கோ” என்று காதருகே ஒரு பேச்சு, அவ்வளவுதான். மாற்று விரிப்பும் பைஜாமாவும் அந்தப் பையனின் அலமாரியிலேயே கீழ்த்தட்டில் இருக்கும். தவறி நனைந்துவிட்டால் காலை மணி அடிப்பதற்கு முன்பே ஆயா அந்த விரிப்பை எடுத்துப் போய்விடுவார். பெயர் சொல்லிக் கூப்பிடுவதோ, வெளியே தெரியும்படி காயப்போடுவதோ கிடையாது.

சிக் ரூமில் நான்கு கட்டில், தனிக் கழிப்பறை. மருந்துப் பதிவேட்டில் நேரம், காய்ச்சல் அளவு, எடை, கொடுத்த மருந்து, கையெழுத்து என்று ஐந்து கட்டம். எடை மாதம் ஒருமுறை எடுக்கிறார்கள். பாரசிட்டமால் ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் கணக்கு. 30 கிலோ பையனுக்கு 450. ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. விடுதிகளில் வழக்கமாக நடக்கும் தப்பு இரண்டு. மாலையில் ஒருவர் கொடுத்ததைப் பார்க்காமல் இரவில் இன்னொருவர் திரும்பக் கொடுப்பது ஒன்று. 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பையும் 250 உள்ள சிரப்பையும் மாற்றி ஊற்றுவது இன்னொன்று. இங்கே ஒரே அளவு சிரப்பைத்தான் வாங்குகிறார்கள், இரண்டாவது தப்புக்கு இடமே இல்லை.

சொறி, அதாவது ஸ்கேபிஸ், வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் பல வார்டன்கள் தடுமாறுவார்கள். இந்த மேட்ரனுக்கு அது மனப்பாடம். விரல் இடுக்கில் பரு, ராத்திரியில் அரிப்பு அதிகம் என்றால் டாக்டரிடம் காட்டுவது. உறுதியானால் அந்த டார்மிட்டரியில் அத்தனை பேருக்கும் ஒரே இரவில் பெர்மெத்ரின் 5 சதவீதக் கிரீம், கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நக இடுக்கு உட்பட. 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளியல். ஒரு வாரத்தில் இன்னொரு முறை. விரிப்பும் துணியும் வெந்நீரில் துவைப்பு. துவைக்க முடியாத ரஜாயை ட்ரங்குப் பெட்டியில் போட்டு ஒரு வாரம் மூடிவைப்பது. அரிக்கிற பையனுக்கு மட்டும் தடவிவிட்டு மற்றவர்களை விட்டால் மூன்றே வாரத்தில் திரும்ப வரும். சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை தனி அறை. அடுத்த ஆளுக்கு 10 முதல் 21 நாளுக்குள் வெளிப்படும் என்பதால் கூடப் படுத்தவர்களின் பெயர்களைக் காலண்டரில் குறித்துவைக்கிறார்கள்.

சாப்பாட்டில் பெரிய புகார் இல்லை. இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால் திறந்த அண்டாவில் பருப்பு வேகாது. பெரிய குக்கர் வைத்திருக்கிறார்கள், சாம்பார் குழைவாக இருக்கிறது. இட்லி மட்டும் குளிர்காலத்தில் கல்லாக இருக்கிறது. மாவுப் பாத்திரத்தை இரவில் பாய்லர் அறைப் பக்கம் வைத்தால் புளித்துவிடும். மாலை டீயோடு வர்க்கி, அதாவது நீலகிரியின் மொறுமொறு பிஸ்கட், உண்டு. இரவுச் சாப்பாடு 6.45-க்கு, காலைச் சாப்பாடு 7.45-க்கு. இடையில் 13 மணி நேரம். வளரும் பிள்ளைக்கு எட்டரை மணிக்கு வெறும் பால் போதாது. ஒரு வாழைப்பழமாவது சேர வேண்டும். பசியோடு படுக்கிற பையன்தான் பெட்டிக்குள் பிஸ்கட் ஒளித்துவைப்பான். பிஸ்கட் வந்தால் எலி வரும். மிச்சச் சாப்பாட்டு டிரம்முக்கு மூடியும் கொக்கியும் போட்டிருக்கிறார்கள். கரடியும் காட்டெருமையும் நடமாடும் ஊரில் இது இல்லாமல் முடியாது. மெஸ்ஸிலிருந்து டார்மிட்டரிக்கு நூறடிதான் என்றாலும் இருட்டிய பிறகு வாட்ச்மேன் முன்னால் நடந்தபிறகே பையன்கள் வரிசையாகப் போகிறார்கள்.

இனி இரவு. எட்டரைக்கு ஆயாக்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மேட்ரனின் அறை கீழ்த்தளத்தில், சிக் ரூம் பக்கத்தில். பத்தரைச் சுற்று முடிந்து அவர் கீழே இறங்கிவிட்டால் மாடியில் 48 பேருக்கும் வார்டன் ஒருவர்தான். அவர் காலை ஐந்தரைக்கு எழுப்பும் மணியிலிருந்து இரவு பத்துவரை ஓடுகிறவர். வாரத்தில் ஒருநாள் விடுமுறை என்று காகிதத்தில் இருக்கிறது. மாற்று ஆள் இல்லாததால் அன்றும் அறையிலேயேதான் இருக்கிறார், கதவைத் தட்டினால் வருகிறார். நல்ல மனிதர், பொறுமைசாலி. ஆனால் ஓய்வில்லாத ஆளிடம் பொறுமை எவ்வளவு நாள் தாங்கும்?

தாங்காத இடத்தில்தான் 8-ஆம் வகுப்பு லீடர்கள் நுழைகிறார்கள். மாலை ஸ்டடி ஹவர்ஸ் அவர்கள் பொறுப்பு. பேசினால் பெயர் எழுதலாம், வராந்தாவில் நிற்கவைக்கலாம். ஜனவரிக் குளிரில் பத்து வயதுப் பையன் வராந்தாவில் நிற்பது தண்டனை மட்டுமல்ல, கொடுமை. உடலையும் மனதையும் வருத்தும் தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. பெரியவர் செய்யக் கூடாததை 13 வயதுப் பையனைக் கொண்டு செய்யவைப்பது அந்தப் பையனையும் சேர்த்துக் கெடுப்பது. லீடருக்கு வேறு நல்ல வேலைகள் இருக்கின்றன: ரோல் காலில் உதவுவது, கரண்ட் போனால் எமர்ஜென்சி விளக்கைப் போடுவது, புதுப் பையன் சாப்பிடாமல் இருந்தால் வார்டனிடம் சொல்வது. தண்டனை, மருந்து, சாவி, போன் நான்கும் அவன் கைக்குப் போகவே கூடாது.

தீர்வு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மாடியில் ஓர் அறை காலியாகக் கிடக்கிறது. இளம் ஆசிரியர் ஒருவருக்கு அதையும் சாப்பாட்டையும் இலவசமாகக் கொடுத்து உதவி வார்டனாக வைத்தால் வாரத்தில் ஐந்து இரவு ஒருவர், இரண்டு இரவு மற்றவர் என்று பிரித்துக்கொள்ளலாம். விடுமுறை நாளில் வார்டன் வளாகத்தை விட்டே வெளியே போக முடிய வேண்டும். அப்போதுதான் அது விடுமுறை.

இன்னொரு குறை போன் நேரம். ஞாயிறு இரவு எட்டரைக்கு, படுக்கப் போகும் முன், வீட்டோடு பேசவைக்கிறார்கள். பேசும்போது சிரிக்கிற பிள்ளை விளக்கணைத்தபின் அழும்; மறுநாள் காலை வயிற்றுவலி என்று சிக் ரூமுக்கு வரும். முதல் மூன்று நான்கு வாரம் இது அதிகம். காலை பதினொன்றுக்குப் பேசவைத்து உடனே விளையாட்டுக்கு அனுப்பினால் பாதித் துயரம் குறையும். பெற்றோரும் சொன்ன நேரத்துக்கு போனை எடுக்க வேண்டும். காத்திருந்து வராத அழைப்பைப் போல் பிள்ளையை உடைப்பது வேறில்லை.

1098 என்ற குழந்தைகள் உதவி எண் படிக்கட்டுச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது. ஆனால் பையன் தனியாகப் பேச போன் இல்லை. இருக்கும் ஒன்றும் வார்டன் மேஜைமேல். வார்டனைப் பற்றியே புகார் சொல்ல வேண்டியிருந்தால் அவன் எங்கே போவான்? மேட்ரன் பகுதியிலாவது ஒரு போன் வைக்க வேண்டும். பாலியல் தொந்தரவு பற்றிய தகவல் வந்தால் போக்ஸோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், உள்விசாரணை முடியட்டும் என்று காத்திருக்க முடியாது என்பது இங்கே வார்டனுக்கும் மேட்ரனுக்கும் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. வெளிவாசல், பின்வாசல் இரண்டுக்கும் உள்தாழ்ப்பாள் மட்டுமே; வெளியிலிருந்து பூட்டுவதில்லை. 2004-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீக்குக் கொடுத்த மாநிலத்தில் இதைத் தட்டிப் பார்க்காமல் யாரும் பிள்ளையைச் சேர்க்கக் கூடாது.

மொத்தத்தில் 5-க்கு 3.5. உதவி வார்டன் வந்தால் தயங்காமல் 4.5. ஆறாம் வகுப்புக்கு மேல், வீட்டைப் பிரிந்து ஓரிரு வாரம் இருந்து பழகிய பையனுக்கு இப்போதே ஏற்ற இடம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வருடம் பொறுக்கலாம். ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் இன்ஹேலரும் ஸ்பேசரும் இரண்டு செட் வாங்கி, ஒன்றை மேட்ரனிடமும் ஒன்றைப் பையனிடமும் கொடுங்கள்.

பார்க்கப் போகிறவர்களுக்கு: 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்திருக்கிறது, கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். ஐப்பசி மழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபடலாம், திரும்பும் நாளுக்கு ஒருநாள் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது. பெட்டியில் சாக்ஸ் எட்டு ஜோடி, உள்ளாடை பத்து, ஸ்வெட்டர் இரண்டு வையுங்கள். ஒவ்வொன்றிலும் துணி மை கொண்டு பெயர் இருக்கட்டும். ஸ்டிக்கர் இரண்டாவது துவைப்பில் உரிந்துவிடும்.