செயலியா, வீடியோ டாக்டரா, பரிசுப் பணமா?

போதையிலிருந்து மீளத் துடிப்பவரிடம் “இந்த ஆப்பைப் போட்டுப் பாருங்கள்” என்று சொல்லிவிடலாம். எந்தப் போதைக்கு எந்த ஆப் என்று யாரும் சொல்வதில்லை. அமெரிக்காவில் 2022இல் மட்டும் போதைப்பொருள் அளவு மீறி 1,07,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அவ்வளவு பெரிய துயரத்துக்கு நடுவில் அங்கே முயன்று பார்த்த மூன்று வழிகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், மருத்துவர் சீட்டு எழுதித் தரும் செயலி. பியர் தெரபியூட்டிக்ஸ் நிறுவனத்தின் ரீசெட் 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி பெற்றது. மனநல ஆலோசகர் சொல்லித் தருவதைச் சின்னச் சின்னப் பாடங்களாக 12 வாரம் போனில் படிக்கவேண்டும். குடி, கொக்கெயின், கஞ்சா போன்றவற்றில் அதைப் பயன்படுத்தியவர்களில் 40.3% பேர் போதையைத் தொடாமல் இருந்தார்கள், பயன்படுத்தாதவர்களில் 17.6%. நல்ல வித்தியாசம்தான். ஆனால் ஹெராயின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டுகளுக்காக 2018இல் வந்த ரீசெட்-ஓ வேறு கதை. சிகிச்சையை நடுவில் விடாமல் தொடர்ந்தவர்கள் கூடினார்கள் (82.4%, மற்றவர்களில் 68.4%), போதைப் பயன்பாடு குறைந்ததாக நிரூபணமாகவில்லை என்று எஃப்.டி.ஏ.வே சொன்னது. காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தரத் தயங்கின. 2023 ஏப்ரலில் பியர் திவாலானது.

இரண்டாவது, வீடியோ டாக்டர். இதில் செயலி வெறும் வாசல்தான். உள்ளே கிடைப்பது ஓபியாய்டு போதைக்கான புப்ரினார்ஃபின் என்ற மருந்து. நாக்குக்கு அடியில் வைத்துக் கரைத்தால் உடல் நடுக்கமும் அந்தத் தாங்கமுடியாத ஏக்கமும் அடங்கும். ஒழுங்காக எடுத்து வருபவர்களிடம் இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. இத்தனை நல்ல மருந்துக்கு 2008ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு தடை போட்டிருந்தது: மருத்துவரை ஒருமுறையாவது நேரில் பார்த்தால்தான் சீட்டு. கிராமத்தில் இருப்பவர் பல மணி நேரம் கார் ஓட்டவேண்டும், ஒருநாள் கூலியை விடவேண்டும், போகிற வழியில் மறுபடி போதையில் சறுக்காமலும் இருக்கவேண்டும். கொரோனா வந்த 2020 மார்ச்சில் இந்தத் தடை தளர்ந்தது. வீடியோ கூட வேண்டாம், சாதாரண போன் பேச்சே போதும் என்றானது. இதை எழுதித் தர மருத்துவர்கள் வாங்கவேண்டியிருந்த தனி அனுமதியும் 2022 டிசம்பரில் ஒழிந்தது. குறை இல்லாமல் இல்லை. சில மருந்துக்கடைகள் இந்தச் சீட்டைப் பார்த்தாலே மருந்து தர மறுக்கின்றன. அப்படித் திருப்பி அனுப்பப்படும் ஒருவருக்கு அந்த இரவு எப்படிப் போகும் என்று நினைத்தால் மனசு பதறுகிறது.

மூன்றாவது, பரிசுப் பணம். டைனமிகேர் போன்ற செயலியில், கேமரா முன் எச்சில் சோதனை செய்துகாட்டி, போதை இல்லை என்றால் கார்டில் பணம் ஏறும். அந்தக் கார்டு மதுக்கடையில் வேலை செய்யாது, ஏ.டி.எம்.மில் பணமும் வராது. “விட்டதற்குக் காசா?” என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. மெத்தாம்பெட்டமின், கொக்கெயினுக்கு அனுமதி பெற்ற மருந்து எதுவுமே கிடையாது என்பதை அவர்கள் யோசிக்கவேண்டும். அந்தப் போதைகளுக்கு இருப்பதிலேயே நன்றாக வேலை செய்வது இந்த முறைதான். கலிஃபோர்னியா மாநிலம் 2023 முதல் தன் மருத்துவக் காப்பீட்டிலேயே இதைச் சேர்த்து, 24 வாரத் திட்டத்தில் அதிகபட்சம் 599 டாலர் தருகிறது. அங்கே சோதனைக்கு மட்டும் நேரில் போகவேண்டும்.

சரி, எதை எடுப்பது? ஓபியாய்டு என்றால் யோசிக்கவே வேண்டாம், மருந்து தரும் வீடியோ டாக்டர். ஆப் மட்டும் போதும் என்று அங்கே உட்கார்ந்திருப்பது உயிரோடு விளையாடுவது. மெத்தாம்பெட்டமின் என்றால் பரிசுப் பணம். பாடம் சொல்லும் செயலி இரண்டுக்கும் பக்கத்துணையாக இருக்கட்டும்.

எதில் சேர்ந்தாலும், என் விவரம் யார் கைக்குப் போகும் என்று முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குடிநோய்க்கு ஆன்லைனில் சிகிச்சை தந்த மான்யுமென்ட் நிறுவனம் “நூறு சதவீத ரகசியம்” என்று வாக்குக் கொடுத்துவிட்டு, சிகிச்சைக்கு வந்தவர்களின் தகவல்களை மெட்டா, கூகுள் உள்ளிட்ட விளம்பரத் தளங்களுக்குக் கொடுத்ததாக 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது.