ஆட்டோமோட்டிவ் கிரேட் லினக்ஸ்: கார் செயலிகளுக்கு எவ்வளவு காவல்?

லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் 2012 முதல் வளர்ந்துவரும், கார்களுக்கான திறமூல இயங்குதளமான ஆட்டோமோட்டிவ் கிரேட் லினக்ஸ், பயனர் செயலிகளை எவ்வாறு கட்டுக்குள் வைக்கிறது என்ற ஒரே கேள்வியோடு, அதை ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினிப் பலகையில் நிறுவிச் சோதித்தேன். 2015-இல் பாதுகாப்பு ஆய்வாளர்களான சார்லி மில்லரும் கிறிஸ் வலசெக்கும் ஜீப் செரோக்கி காரின் பொழுதுபோக்கு அமைப்பு வழியே ஊடுருவி பிரேக் வரை சென்றதும், 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டதும் வேறோர் இயங்குதளத்தில் நடந்தவைதான். ஆயினும் இக்கேள்வியின் கனத்தை அவையே எனக்கு உணர்த்தின.

பழைய பதிப்புகளின் ஏற்பாடு மிக நேர்த்தியானது. ஸ்மாக் என்ற அணுகல் கட்டுப்பாட்டு முறையில் ஒவ்வொரு செயலிக்கும் தனி முத்திரை உண்டு. விதி அனுமதிக்காத கோப்பைத் தொட்டால் இயங்குதளத்தின் கருவான கெர்னலே மறுத்துவிடும். சேவைகளை அழைக்கும் உரிமையைச் சைனாரா என்ற அனுமதிச் சேவை சரிபார்க்கும். பிந்தைய பதிப்புகளில் இவை நீங்கி, செயலிகள், லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் அலகுகளாக இயங்குகின்றன. பராமரிப்பு எளிதாயிற்று என்பது உண்மை, ஆனால் காவல் பொறுப்பு செயலியை உருவாக்குபவர் தலையில் விழுந்துவிட்டது.

நான் எழுதிய சிறிய வானொலிச் செயலியை எந்தக் கட்டுப்பாடும் இன்றி சிஸ்டம்டியின் பாதுகாப்பு ஆய்வுக் கட்டளையால் அளந்தபோது, ஆபத்து மதிப்பெண் 10-க்கு 9-ஐத் தாண்டியது. தனிப் பயனர் கணக்கு, கூடுதல் சிறப்புரிமைக்குத் தடை, கோப்புகளைப் படிக்க மட்டும் அனுமதி என ஒவ்வொரு வரியாகச் சேர்க்கச் சேர்க்கத்தான் அது இறங்கியது. இந்த வரிகள் இயல்பிருப்பாகவே வந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடித்தளமாக இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்; ஆனால் செயல்விளக்கத்துக்காகத் தரப்படும் ஆயத்த நிறுவல் படிமத்தை அப்படியே வண்டியில் ஏற்றுவதை ஏற்கவே முடியாது.