திருகோணமலை டவுனில பழைய காசு விக்கிற கடை, போகலாமா?

பஸ் ஸ்டாண்டில இருந்து நடந்து போற தூரம்தான். வெளிய பார்த்தா மணிக்கூடு திருத்துற கடை, உள்ளுக்க போனா ஒரு பக்கம் முழுக்க காசு அல்பம், நோட்டு அல்பம். கடை ஐயா நீங்க ஒண்டும் வாங்காட்டியும் முகம் சுளிக்காம எடுத்துக் காட்டுவார், கையில தருவார், லென்ஸும் தருவார், இதுக்கே நாலு ஸ்டார் குடுக்கலாம்.

கட்டாயம் கேட்டுப் பாக்க வேண்டியது ஒல்லாந்தர் செம்புக் காசு. 18ஆம் நூற்றாண்டு முடியிற நேரம் அடிச்ச ஸ்டைவர் எண்ட காசு, குண்டா, விளிம்பு ஒழுங்கில்லாம, செம்புத் துண்டில முத்திரை குத்தி விட்டதுதான், வடிவெண்டு சொல்லேலாது. ஆனா வி.ஓ.சி., அதாவது ஒல்லாந்தரிட கிழக்கிந்தியக் கம்பனி, அடையாளத்துக்கு மேல உள்ள இங்கிலீஷ் எழுத்தைப் பாருங்க, கொழும்பில அடிச்சதுக்கு சி, காலியில அடிச்சதுக்கு ஜி, எங்கட ஊரில அடிச்சதுக்கு டி! திருகோணமலையில காசு அடிச்சவங்கள் எண்டு பள்ளிக்கூடத்தில ஆரும் சொல்லித் தரேல்ல. தேய்ஞ்சது ஒண்டு வாங்கினன், விலை நியாயம்தான்.

மற்றது 1942 நோட்டு. யுத்த காலம், சில்லறை அடிக்க உலோகம் தட்டுப்பாடு, அதால 5 சதத்துக்கே கடதாசி நோட்டு விட்டவங்கள். அதிலயும் நடுவில தபால் முத்திரை மாதிரி ஓட்டை வரிசை, கிழிச்சா ஒரு பக்கம் 2 சதம் மற்றப் பக்கம் 3 சதம், கடையில மிச்சம் குடுக்க கிழிச்சே குடுக்கலாம். ஏப்ரல் 9 யப்பான்காரன் இங்க குண்டு போட்டதும் அதே வருஷம்தான். கிழியாத முழு நோட்டு விலை கூட, ஐயா குறைக்கவே மாட்டார்.

இனி குறை. கொக்கி மாதிரி வளைச்ச வெள்ளிக் கம்பி, லாரின் எண்டுறது, ஒரு காலத்தில பாரசீகப் பக்கத்தில இருந்து கண்டி வரைக்கும் ஓடின காசு, அதை ஒரு தட்டு நிறைய வச்சிருக்கார். அவ்வளவு அசல் எங்க இருந்து வரும்? சிலதை எடுக்கேக்க “தம்பி அது இமிட்டேசன்” எண்டு தானே சொன்னவர், சிலதுக்கு வாயே திறக்கேல்ல. அசல் 5 கிராமுக்குக் கொஞ்சம் குறைவா நிக்கும், தராசு கேளுங்க. ராஜராஜன் பேர் போட்ட செப்புக் காசும் அப்பிடித்தான், தெரிஞ்ச ஆளோட போகாட்டி கை வைக்காதீங்க.

இன்னொண்டு, வெள்ளைக்காரன் காலத்து சதமெல்லாம் புளி போட்டு மினுக்கி வச்சிருக்கார், பாக்க பளபளப்பு, சேர்க்கிற ஆக்களுக்கு அது பழுதாப்போன காசு. விக்டோரியா படமும் பனையும் உள்ள 1870 ஒரு சதம் மினுக்காதது வேணுமெண்டு கேட்டா உள்ள இருந்து எடுத்துத் தருவார், கேக்கோணும்.

ஓரியண்டல் பாங்க் நோட்டு இருக்கோ எண்டு கேட்டன், சிரிச்சவர். 1884ல அந்த பாங்க் விழுந்து சனம் பதறினாப் பிறகுதான் நோட்டு விடுற வேலையை அரசாங்கம் பொறுப்பெடுத்தது, அந்தப் பழைய பாங்க் நோட்டு இங்க கிடைக்குமெண்டு கனவு காணாதீங்க.

லங்கா கியூஆர் ஒட்டியிருக்கு, ஸ்கான் பண்ணிக் கட்டலாம், கார்ட் இல்ல. பின்னேரம் போனா ஆறுதலா கதைப்பார், காலமையில மணிக்கூட்டுக்கு பற்றரி போட வாற சனம், ஐயாவைப் பிடிக்கேலாது.