வேடர்ஸ் வாங்கிய கதை: ஆறு வாத்து சீசனுக்குப் பிறகு

வேடர்ஸ் என்பது தண்ணீரில் இறங்கி நிற்பதற்காகப் போடும் உடை. கீழே பூட்ஸ், அதிலிருந்து நெஞ்சு வரை தண்ணீர் புகாத துணி, தோளில் இரண்டு பட்டை. இந்தப் பெயரை முதலில் கேட்டபோது எனக்குக் கண்ணப்ப நாயனார்தான் ஞாபகத்துக்கு வந்தார். ஆறு வாத்து வேட்டை சீசனாக ஒரே ஜோடியைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால், அதை விற்ற கடையைப் பற்றித்தான் நிறைய சொல்ல வேண்டியிருக்கிறது. கடையின் பெயரைப் போடவில்லை, குறையும் சொல்லப்போகிறேன்.

ஊர் ஸ்டட்கார்ட். ஜெர்மனி இல்லை, அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் இருப்பது. ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள் வைத்த பெயர். நான் வேலை பார்க்கும் லிட்டில் ராக்கிலிருந்து காரில் ஒரு மணி நேரம். எட்டாயிரம் சொச்சம் பேர்தான் மக்கள்தொகை, சுற்றிலும் நெல் வயல். அமெரிக்காவில் விளையும் நெல்லில் கிட்டத்தட்ட பாதி இந்த ஒரு மாநிலத்தில்தான், ரைஸ்லேண்ட் கூட்டுறவின் தலைமையகமும் இந்த ஊரில்தான். நான் தஞ்சாவூர்ப் பக்கம். அறுவடை முடிந்த வயலில் வாத்துக்கிடை போடுவதைப் பார்த்து வளர்ந்தவன். இங்கேயும் அதே கதைதான், வாத்துக்காரர் மட்டும் கிடையாது. அறுவடைக்குப் பிறகு வயலில் தண்ணீரைத் தேக்கிவைக்கிறார்கள், கனடாவிலிருந்தும் வடக்கே இருக்கும் டகோட்டா மாநிலங்களிலிருந்தும் மல்லார்ட் வாத்துகள் மிசிசிப்பி ஆற்றை ஒட்டியே இறங்கி வந்து, சிந்திய நெல்லையும் பக்கத்து பேயூ மீட்டோ காட்டில் தண்ணீரில் நிற்கும் ஓக் மரங்களின் கொட்டையையும் தின்று குளிர்காலத்தை ஓட்டுகின்றன.

இந்தச் சின்ன ஊரில் வால்மார்ட் இருக்கிறது. வாத்து வேட்டைச் சாமான்களுக்கு நாடு முழுக்கப் பேர்போன மேக்ஸ் பிரெய்ரி விங்ஸ் இருக்கிறது. லிட்டில் ராக்கில் வேட்டை, மீன்பிடிச் சாமான் விற்கும் பெரிய கடை பாஸ் புரோ இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் ஒரு அப்பாவும் மகளும் நடத்தும் கடை எப்படி ஓடும் என்றுதான் நானும் நினைத்தேன்.

முதல் வருஷம் நான் வேட்டைக்காரன் இல்லை. ஆபீஸ் நண்பர்களோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு போனவன். கடைக்குள் நுழைந்ததும் 900 டாலர் ஜோடி ஒன்றைத்தான் கையில் எடுத்தேன். கவுன்டரில் இருந்த பெரியவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. "எங்கே நிற்கப் போறீங்க, வயல்லயா காட்டிலயா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. காட்டில் என்றால் மரத்தோடு மரமாக இடுப்பளவுத் தண்ணீரில் நிற்க வேண்டும், வாத்து தலைக்கு மேலே வட்டமடிக்கும்போது காலால் தண்ணீரை உதைத்து அலை கிளப்ப வேண்டும், அப்போதுதான் மிதக்கவிட்ட பொய் வாத்துகள் உயிருள்ளவை மாதிரி ஆடும். அதற்குக் கணுக்கால் கச்சிதமாகப் பிடிக்கும் பூட்ஸ் வேண்டும். நான் எடுத்ததை மாட்டிவிட்டு, ஒரு மர ஸ்டூலைக் காட்டி அதன்மேல் காலைத் தூக்கி வைக்கச் சொன்னார். தொடைக்கு நடுவில் துணி ஒரு கைப்பிடி மடிந்து தொங்கியது. நான் ஐந்தடி ஐந்து, அமெரிக்க உடைகள் எல்லாமே எனக்குக் கோணிப்பைதான். அங்கேதான் உரசி உரசி முதலில் கிழியும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய், குட்டை அளவில் இன்னொன்றைத் தேடி எடுத்து வந்தார். 380 டாலர். இடுப்பு பெல்ட்டை அவரே இறுக்கிப் பூட்டினார். விழுந்தால் உள்ளே தண்ணீர் ரொம்பாமல் காப்பாற்றுவது அதுதானாம், பெல்ட் போடாமல் யாரையும் கடையை விட்டு அனுப்புவதில்லையாம்.

இரண்டாவது சீசனில் சைப்ரஸ் மரத்தின் வேர்முண்டு ஒன்றில் முட்டியை இடித்துக்கொண்டேன். பத்து நிமிஷத்தில் காலுறை சொதசொதவென்று ஆகிவிட்டது, ஜனவரிக் குளிர் வேறு. கடையில் மகள் அதைப் பின்னறைக்கு எடுத்துப்போய், விளக்கை அணைத்து, டார்ச்சை உடைக்குள் விட்டு மெதுவாக நகர்த்தினார். முட்டியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிச்சம் தெரிந்தது. பேனாவால் வட்டம் போட்டு, பசை தடவி, நாளைக்கு வா என்றார். காசு வாங்கவில்லை. இப்போது வீட்டு கராஜில் நானே அப்படித்தான் பார்க்கிறேன்.

நான்காவது சீசனில் வந்தது வேறு மாதிரி வினை. பூட்ஸும் துணியும் சேரும் இடத்தில் தையல் விட்டுவிட்டது. இது தயாரித்தவர்கள் தவறு. அந்த நிறுவனத்துக்கு அனுப்பினால் சரிசெய்து தர ஏழு வாரமாம்! சீசனே அறுபது நாள்தான். கடையில் ஒரு பழைய ஜோடியை இரவல் கொடுத்தார்கள், ஒரு சைஸ் பெரிசு, இரண்டு காலுறை போட்டு ஒப்பேற்றினேன். அனுப்பியது பிப்ரவரியில் வந்து சேர்ந்தது, வாத்து எல்லாம் வடக்கே போன பிறகு.

எச்1பி விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மூன்றாவது வருஷம் நானும் துப்பாக்கி வாங்கலாம் என்று முடிவு செய்தேன். வேறொரு ஊரில் ஒரு பெரிய கடையில் விசா என்றதுமே கையை விரித்துவிட்டார்கள். குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கக் கூடாது என்பது மத்தியச் சட்டம், உண்மைதான். ஆனால் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு, அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ஸ்டட்கார்ட் பெரியவருக்கு இது தெரிந்திருந்தது. முதலில் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடி என்றார் (1968க்குப் பிறகு பிறந்த எல்லோருக்கும் இங்கே அது கட்டாயம்), அப்புறம் லைசென்ஸ், அப்புறம் துப்பாக்கி வாங்குகிறவர் நிரப்ப வேண்டிய 4473 என்ற படிவம். வாத்து வேட்டைக்கு லைசென்ஸோடு சேர்த்து வைத்திருக்க வேண்டிய 25 டாலர் மத்திய வாத்து ஸ்டாம்பைக் கொடுத்ததும் பேனாவையும் நீட்டினார். ஸ்டாம்பின் முகத்தில் குறுக்கே கையெழுத்துப் போடாவிட்டால் அது செல்லாது. ஈயக் குண்டு வாத்துக்கு 1991லிருந்து நாடு முழுக்கத் தடை, அதனால் எஃகு மாதிரி நச்சில்லாத குண்டுதான் வாங்க வேண்டும் என்பதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

கடை எப்படிப் பிழைக்கிறது என்று ஒருநாள் நேராகவே கேட்டேன். பட்டாசுக் கடை கணக்குதான். வசந்தத்திலேயே ஆர்டர் கொடுத்துப் பணத்தை முடக்கிவிட வேண்டும், அந்த வருஷம் மழை குறைந்து காட்டில் தண்ணீர் ஏறாவிட்டாலோ வடக்கே பனி விழாமல் வாத்து தாமதமாக வந்தாலோ சரக்கு அப்படியே நிற்கும். சீசனில் அதிகாலை மூன்றரைக்கே கதவைத் திறந்துவிடுகிறார்கள். இருட்டில் படகில் ஏறப் போகிறவனுக்குக் கையுறை ஒன்று காணவில்லை, தோட்டா மறந்துவிட்டது என்றால் அமேசானா கொண்டுவந்து கொடுக்கும்? அந்த இரண்டு மணி நேரத்தில் நடக்கும் வியாபாரத்துக்குப் பேரம் கிடையாது. மீதி மாதங்களில் கிராப்பி மீனுக்குத் தூண்டில், ஏப்ரலில் காட்டு வான்கோழிக்கு வேண்டியது. அதைவிட முக்கியம், நெல் வயலில் தண்ணீர் கட்டுபவர்களுக்கு ரப்பர் பூட்ஸ். வேட்டைக்கு வெளியூர்க்காரர்கள், பூட்ஸுக்கு உள்ளூர்க்காரர்கள். பெரியவர் என்னவோ வேட்டைக்காரர்களைப் பற்றித்தான் பெருமையாகப் பேசுவார், கடையை இழுத்துப் பிடித்திருப்பது அந்த பூட்ஸ்தான் என்பது என் கணிப்பு.

குறைகள். தோட்டாப் பெட்டி வெளியே விற்பதைவிட இரண்டு மூன்று டாலர் கூட. இணையத்தில் கடை இருப்பதும் ஒன்றுதான் இல்லாததும் ஒன்றுதான், இருப்பு தெரிய போன் போட வேண்டும், போனை எடுக்க மாட்டார்கள். குட்டை அளவுகள் அக்டோபருக்குள் தீர்ந்துவிடும். நன்றி தெரிவிக்கும் நாளை ஒட்டி வரும் வார இறுதியில் அந்தப் பக்கமே போகாதீர்கள், மெயின் ஸ்ட்ரீட்டில் உலக வாத்துக் குரல் போட்டி, கார் நிறுத்த இடம் இருக்காது. போட்டியை மட்டும் ஒருமுறை பார்த்துவிடலாம். 1936ல் முதல் பரிசு 6 டாலர் 60 சென்ட் மதிப்புள்ள வேட்டைக் கோட்டு, அதை வென்றவர் ஊதுகுழல் இல்லாமல் வெறும் தொண்டையால் வாத்து மாதிரி கத்தியவர்.

வேடர்ஸின் இன்றைய நிலை: வலது முட்டியில் மூன்று ஒட்டு, இடது பட்டையின் கொக்கி மாற்றியது, பூட்ஸின் அடிப்பாகம் இன்னும் ஒரு சீசன் தாங்கும். தலைகீழாகத் தொங்கவிட்டுக் காய வைக்கிறேன், இருட்டில் பார்த்தால் யாரோ தொங்குகிற மாதிரி இருக்கிறது என்று மனைவி கராஜுக்குள் வருவதில்லை. வருகிற நவம்பருக்கும் அதேதான். குட்டை அளவில் புதிதாக வந்தால் எடுத்து வைக்கும்படி மகளிடம் சொல்லியிருக்கிறேன், ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கல்லாவில் ஒட்டிவைத்தார்.