மலிவு விலை எம்50 செட்: காசு கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கல்யாணம், தோட்டத்துக் கோயில் திருவிழா என்று படம் எடுக்க இறங்கும் பிள்ளைகளைப் பார்த்துத்தான் கேனன் எம்50 மார்க் 2 செட்டை இப்போது தள்ளிவிடுகிறார்கள். கேமரா மோசமில்லை, விற்கிற விதம்தான் மோசம். நம் தம்பி ஒருவரின் தலையில் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), கேமராவோடு சேர்த்து விற்கும் 15-45 எம்எம் கிட் லென்ஸ், 22 எம்எம் லென்ஸ், இரண்டு பேட்டரி எல்லாம் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். "புது செட் தம்பி. நாளைக்கு ஆர்50க்கு மாறினாலும் இந்த லென்ஸெல்லாம் அடாப்டர் போட்டு ஓடும்" என்று பேச்சு. ஆர்50 என்பது கேனனின் ஆர் வரிசைக் கேமரா, அடாப்டர் என்பது பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவில் போடும் இணைப்பு வளையம். முதல் திருவிழாவிலேயே, தேர் கிளம்பிய நேரம் பார்த்துத் திரையில் எரர் 01. கடைக்குப் போனால் ரசீதைக் காட்டுகிறார்கள்: 'கேமரா செட்' என்று அச்சடித்த வரிக்குக் கீழே பேனாவால் பொடி எழுத்தில் 'யூஸ்ட், நோ வாரண்டி'. கடைப் பெயர் எதற்கு? இதே பேச்சு வேறு கடைகளிலும் ஓடுகிறது.

அடாப்டர் கதை சுத்தப் பொய். எம்50 சேர்ந்த எம் வரிசையை 2012ல் தொடங்கிய கேனன் 2023ல் நிறுத்திவிட்டது. அதன் லென்ஸ் சென்சாரிலிருந்து (படம் பதியும் சில்லு) 18 மிமீ தூரத்தில் உட்கார வேண்டும். ஆர் வரிசை பாடியில் லென்ஸ் மாட்டும் வளையமே 20 மிமீ தள்ளி இருக்கிறது. ஏற்கெனவே 2 மிமீ அதிகம், இதில் அடாப்டரை எங்கே செருகுவது? கேனன் அப்படி ஒன்றை விற்கவும் இல்லை. கடையில் எடுத்துக் காட்டும் அடாப்டர், கேனனின் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களுக்கான இஎஃப் லென்ஸுக்கானது. அது உண்மையான சாமான்தான், ஆனால் உங்கள் 15-45, 22 இரண்டுக்கும் சேராது.

அடுத்தது எரர் 01. லென்ஸும் பாடியும் பேசிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். முதலில் இரண்டிலும் உள்ள பொன்னிறத் தொடுபுள்ளிகளைக் காய்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். ரப்பர் போட்டுத் தேய்க்காதீர்கள், துகள் உள்ளே விழும். அதற்கும் அடங்கவில்லையென்றால் அப்பெர்ச்சர் மேல், அதாவது லென்ஸுக்குள் சுருங்கி விரிந்து வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் இதழ்கள் மேல் சந்தேகப்படுங்கள். 15-45 மடங்கி விரிகிற லென்ஸ், உள்ளே இருக்கும் ஒயர்பட்டை விரிக்கும் ஒவ்வொரு தடவையும் வளைகிறது. அது கெட்டாலும் இதழ்கள் முழுதாகத் திறந்த நிலையில் படம் விழும், அவை சுருங்கப் போகும்போதுதான் மாட்டிக்கொள்ளும். கடைக்குள் வெளிச்சம் குறைவு. ஆட்டோவில் வைத்தால் கேமரா தானாகவே எஃப் 3.5க்கு, அதாவது முழுதாகத் திறந்த நிலைக்குப் போய்விடும், கோளாறு வெளியே தெரியாது. அதனால் கேமராவைக் கடை வாசலுக்கு, வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். டயலை ஏவியில் (அப்பெர்ச்சரை நாமே வைக்கும் முறை) வைத்து, இதழ்கள் நன்றாகச் சுருங்கும் எஃப் 11க்கு மாற்றி, 15, 24, 45 மூன்றிலும் ஐந்தைந்து படம் எடுங்கள். எடுக்கும்போது ஒருவர் லென்ஸை முன்னாலிருந்து பார்க்கட்டும், இதழ்கள் சட்டென்று சுருங்கி விரிய வேண்டும். வெளியே எடுத்துப் போக விடமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

பேட்டரி எல்பி-இ12. ஒரிஜினலில் 875 எம்ஏஎச் என்று போட்டிருக்கும். அதே அளவுப் பெட்டிக்கு 1500 என்று ஒட்டியிருந்தால் ஸ்டிக்கர் மட்டும்தான் பெரிசு. போட்டவுடன் கேமரா 'இது கேனன் பேட்டரியா' என்று கேட்டாலும் அதே கதைதான். உப்பியதை அமுக்கிச் செருகினால் அப்புறம் வெளியே வராது. மண்டபத்தில் ஒரே இடத்தில் வைத்து வீடியோ எடுப்பவர்கள் டிஆர்-இ12 டம்மி பேட்டரி போட்டு கரண்டிலிருந்தே ஓட்டலாம்.

லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நம்ம ஊர் ஈரத்துக்குச் சிலந்திவலை மாதிரி பூஞ்சை பிடித்திருக்கும். பாடியில் 'கிஸ் எம்2' என்றிருந்தால் அது ஜப்பானுக்காகச் செய்தது. ஏபி செட் (அதிகாரபூர்வ முகவர் வழி வராமல் தனியாக இறக்குமதி ஆனது) விலைக்குத்தான் பேச வேண்டும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இனி எம் லென்ஸில் காசு போடாதீர்கள். இஎஃப்-இஓஎஸ் எம் அடாப்டர் ஒன்றும், இஎஃப் 50 எம்எம் எஃப் 1.8 மாதிரி ஒரு லென்ஸும் போதும். நாளைக்கு ஆர் பாடிக்கு மாறினால் அடாப்டரை மட்டும் மாற்றினால் சரி, லென்ஸ் கூடவே வரும்.

ஏமாந்தவர்கள் சும்மா விடாதீர்கள். பழையதைப் புதிது என்று சொல்லி விற்பதை 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவு தடுக்கிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் போராங் 1 (படிவம் 1) நிரப்பி 5 வெள்ளி கட்டினால் போதும், வக்கீல் தேவையில்லை. 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். 'புது செட்', 'அடாப்டர் போட்டு ஓடும்' என்று கடைக்காரர் சொன்னதை வாங்கும் முன்பே வாட்ஸ்அப்பில் கேட்டு, பதிலை வாங்கி வையுங்கள். ரசீது கைக்கு வந்ததும், கடையை விட்டு நகரும் முன், அதன் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ பிடித்துக்கொள்ளுங்கள். பேனா எழுத்து எப்போது ஏறியது என்ற சண்டை அப்போதுதான் வராது.